ராஸ்கோவின் கடைசிக் குண்டு

மாநிலப் போட்டிக்கு எங்கள் ஜாப்ளின் ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத்திலிருந்து ஒருவர்தான் போகலாம். கடைசிச் சுற்றில் ராஸ்கோவும் நானும் மட்டுமே மிஞ்சினோம். அவனிடம் பதினேழு குண்டு கொள்ளும் பிஸ்டல். என்னிடம் ஆறு குண்டு ரிவால்வர்.

"வெர்னா, நீ ஆறு சுட்டு மறுபடி நிரப்பறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய்ச் சாப்ட்டுட்டே வந்துடுவேன்."

"நல்லாச் சாப்பிடு. திரும்பி வராட்டியும் பரவால்ல."

முதலில் அவன் சுட்டான். மண்மேட்டின் முன் நட்டிருந்த பன்னிரண்டு குறி அட்டைகளையும் ஒன்பது நொடியில் துளைத்துவிட்டான். எனக்குப் பதினான்கு நொடியாவது ஆகும்.

"துப்பாக்கியைக் காலி பண்ணிக் காட்டு," என்றாள் நடுவர் ஹேசல்.

முதலில் குண்டுகள் அடுக்கிய மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகுதான் மேல்பாகத்தை இழுத்து உள்ளே மிஞ்சிய குண்டை வெளியேற்ற வேண்டும். நடுவர் உள்ளே பார்த்துச் சரி என்ற பிறகே, காலி என்று காட்ட விசையை அழுத்த வேண்டும். ராஸ்கோ என்னைப் பார்த்து இளித்துக்கொண்டே மாற்றிச் செய்தான். இழுத்தபோதே மேகசினிலிருந்து அடுத்த குண்டு உள்ளே ஏறிவிட்டது. ஹேசல் எட்டிப் பார்ப்பதற்குள் விசையையும் அழுத்தினான். துப்பாக்கி வெடித்து, குண்டு மண்மேட்டில் புதைந்தது.

"போதும். போட்டியிலேர்ந்து நீ வெளியே," என்றாள் ஹேசல்.

ராஸ்கோ என் பக்கம் திரும்பினான். "சந்தோஷமா? சுடாமலே ஜெயிச்சிட்ட."

"சுடாம விடுவேன்னு யார் சொன்னா? தள்ளி நில்லு."

நான் தவறுவதைப் பார்க்க வேலியோரம் நின்றான். பதினைந்து நொடியில் பன்னிரண்டையும் துளைத்து, ரிவால்வரின் குண்டு உருளையைத் திறந்து காலி என்று ஹேசலிடம் காட்டினேன். திரும்பியபோது வேலியோரம் யாரும் இல்லை.