பனைமுனையில் படகு ஓடவில்லை

அருப்புக்கோட்டையில் பந்தல்குடி சாலையை ஒட்டிய நைட்டி கம்பெனி ஒன்றில் சுஜிதாவுக்கு சூப்பர்வைசர் வேலை. அவளுக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பெண்கள். வருசத்துக்கு ஒருநாள் எல்லோரும் சேர்ந்து வேன் பிடித்து எங்காவது போய்வருவது வழக்கம். எங்கே போவது என்பதை முடிவு செய்வதும் சுஜிதா தலையில்தான் விழும்.

"காடும் பாக்கணும், கடலும் பாக்கணும்க்கா. ஒரே நாள்ல" என்றாள் காளீஸ்வரி. திருச்சுழியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, பட்டன் துளை அடிக்கும் காஜா மெஷினில் உட்காருகிறவள். மெஷின் நின்றாலும் அவள் வாய் நிற்காது.

சுஜிதா போனில் தேடினாள். இணையக் கலைக்களஞ்சியத்தில் பனைமுனைக் கடலோர வனப் பூங்கா என்று ஒன்று அகப்பட்டது. ராமநாதபுரத்தைத் தாண்டிப் போக வேண்டும். கட்டுரை ஐந்தாறு வரிதான். அதில் இரண்டு வரியைச் சத்தமாகப் படித்தாள். "அலையாத்திக் காட்டினூடே படகு சவாரி நாள்தோறும் உண்டு. வளாகத்தில் சிற்றுண்டிச்சாலையும் உண்டு."

பிசிர் நூல் வெட்டிக்கொண்டிருந்த சோலையம்மாள் கத்தரியைக் கீழே வைத்தாள். எந்தச் சுற்றுலாவுக்கும் வராதவள் அவள். முழங்கால் வலி என்பாள், வீட்டில் ஆடு இருக்கிறது என்பாள்.

"மரத்துக்கு ஊடாலயே போட்டு போகுமாத்தா?"

"போகுமாம்க்கா. போட்டிருக்கு."

"அப்ப நானும் வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் கிளம்பியது. நரிக்குடி தாண்டும்வரை பாட்டும் கூத்துமாகத்தான் இருந்தது. பனைமுனையில் போய் இறங்கியபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வாசலில் இருந்த காவலர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். சுஜிதா படகுக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்டாள். அவர் அவளை ஒருமாதிரி பார்த்தார்.

"போட்டா? புயலுக்கப்புறம் வாய்க்கா மண்ணு மேவிப் போச்சேம்மா. போட்டு தரை தட்டுதுன்னு நிப்பாட்டி நாலஞ்சு வருசமாச்சு. எந்த ஊர்ல இருந்து வாரீக?"

சிற்றுண்டிச்சாலை பூட்டிக்கிடந்தது. அதன் தகரக் கதவில் துரு ஏறியிருந்தது. கையில் கொண்டுபோன எலுமிச்சம்பழச் சோற்றை மர நிழலில் உட்கார்ந்து தின்றார்கள். அலையாத்திக் காட்டுக்குள் பலகை பாவிய ஒரு நடைபாதை இருந்தது. அதில் போய்வந்தார்கள். காளீஸ்வரி கண்ட இடத்திலெல்லாம் நின்று செல்பி எடுத்துக்கொண்டாள். சுஜிதாவுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. சாயங்காலம் வேனில் ஏறும்போது சோலையம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது சுஜிதாவுக்கு.

மறுநாளே கம்பெனியில் அவளுக்குப் பேர் வைத்தாகிவிட்டது. போட்டுக்கார அக்கா. "போட்டுக்கார அக்கா, நூல்கண்டு தீந்துருச்சு." "போட்டுக்கார அக்கா, கரண்டு போயிருச்சு, துடுப்ப எடுங்க." வைத்தவள் யார் என்று கேட்க வேண்டியதில்லை. சுஜிதாவும் சிரித்து வைத்தாள். ஆனால் வீட்டுக்குப் போனதும் போனை எடுத்து அந்தக் கட்டுரையைத் திறந்தாள். மேலே 'தொகு' என்று இருந்ததை அதுவரை அவள் கவனித்ததில்லை. அதை அழுத்தினால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று தெரிந்தது. கணக்குத் தொடங்கி, படகு வரிக்குக் கீழே எழுதினாள். "பனைமுனையில் படகு ஓடவில்லை. வசதி எதுவும் இல்லை. போவது வீண் அலைச்சல்."

அடுப்பில் குழம்பைக் கூட்டி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது அவள் எழுதியதைக் காணோம். கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் ஒரு செய்தி இருந்தது. "வணக்கம். தங்கள் தொகுப்பை மீளமைத்துள்ளேன். மேற்கோள் தரப்படவில்லை. கருத்துகளையும் தவிர்க்க வேண்டுகிறேன். தாவீதுராஜ்."

அவள் கணவன் ஆலன் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தான்.

"மீளமைச்சுட்டேன்னா என்னங்க அர்த்தம்?"

"நீ எழுதுனத அழிச்சுட்டாருன்னு அர்த்தம்."

சுஜிதாவுக்குச் சுருக்கென்றது. போய்வந்தவள் அவள், வெயிலில் நின்றவள் அவள். அழித்தவர் யாரோ. உடனே எழுதினாள். "நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். நீங்கள் போயிருக்கிறீர்களா?"

பதில் வந்தது. "இல்லை. நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் நாளைக்கு இன்னொருவர் வந்து, நானும் நேரில் போனேன், படகு ஓடுகிறது என்று எழுதினால் படிக்கிறவர்கள் யாரை நம்புவார்கள்? உங்களையும் என்னையும் தெரியாத ஒருவர் தானாகவே சரிபார்த்துக்கொள்ள ஏதாவது வேண்டும். செய்தி, அறிவிப்பு, எதுவானாலும் சரி."

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. அதனாலேயே அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. கட்டுரையை மறுபடி முதலிலிருந்து படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி அனுப்பினாள். "அப்படியானால் படகு நாள்தோறும் உண்டு என்ற வரிக்கு மேற்கோள் எங்கே?"

மறுநாள் கம்பெனிக்குப் போகிற வழியில் பார்த்தபோது பதில் வந்திருந்தது. "நீங்கள் கேட்டது சரி. அந்த வரிக்கும் மேற்கோள் இல்லை. இத்தனை வருடமாக யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். நீக்கிவிட்டேன்."

கட்டுரையில் இப்போது படகு என்ற சொல்லே இல்லை. பாதிக் கிணறு தாண்டிய மாதிரி இருந்தது சுஜிதாவுக்கு. படகு இல்லை என்று எழுதினால்தானே அடுத்து வருகிறவர்கள் ஏமாறாமல் இருப்பார்கள்? படகுத்துறையில் ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது நினைவுக்கு வந்தது. அதன்முன் நின்று படம் எடுத்தவள் ஒருத்திதான். அவளிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதுதான் கசந்தது.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். காளீஸ்வரி தூக்குவாளியை மூடாமலேயே போனை எடுத்து நீட்டினாள். படத்தில் முக்கால்வாசி அவள் முகம். பின்னால் 'படகு சவாரி மறு அறி' என்பது வரை தெரிந்தது. மிச்சத்தை அவள் கொண்டை மறைத்திருந்தது.

"எதுக்குக்கா இது?"

சுஜிதா சொன்னாள். எழுதியது, அழித்தது, திருப்பிக் கேட்டது எல்லாவற்றையும் சொன்னாள். காளீஸ்வரி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கடைசியில், "அவருகிட்டயே மேற்கோள் கேட்டியாக்கா?" என்றாள். அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து போட்டுக்கார அக்கா என்ற பேர் வரவில்லை. "என் மூஞ்சிய வெட்டாமப் போடுறதா இருந்தா இந்தப் படத்த எடுத்துக்க."

"ஒம் மூஞ்சி இருந்தா போர்டு தெரியலையே காளீஸ்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சோலையம்மாள் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். "போர்டுன்னா எங்கிட்ட இருக்கு. அன்னைக்குக் கண்ணாடிய வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். எழுத்து ஒண்ணும் தெரியல. வீட்டுக்குப் போயிப் பெருசாக்கிப் படிச்சுக்கலாம்னு, கண்ட போர்டையெல்லாம் எடுத்துட்டு வந்தேன்."

எல்லாம் இருந்தது. படகு நிறுத்தப்பட்ட அறிவிப்பு, தேதியும் முத்திரையுமாக. நுழைவு நேரம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஒவ்வொரு மரத்தின் அடியிலும் வனத்துறை நட்டிருந்த பெயர்ப்பலகை: சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை. தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் ஆகாது, தொடாதீர்கள் என்ற எச்சரிக்கை. எந்த மாதத்தில் என்ன பறவை வரும் என்ற பெரிய பலகை ஒன்று.

"நீங்க படிச்சீங்களாக்கா இதெல்லாம்?"

"படிச்சேனே. அந்த வெண்கண்டல் மரம் வேரு வழியா மூச்சு விடுதாம்த்தா. அதான் வேரு ஈட்டி கணக்கா மண்ணுக்கு மேல நிக்குது. போட்டுல போயிருந்தா இம்புட்டுப் பக்கத்துல பாத்திருப்பமா?"

சுஜிதா நிமிர்ந்து பார்த்தாள். சோலையம்மாள் சமாதானத்துக்குச் சொல்கிறவள் இல்லை.

அன்றைக்கு எல்லோரும் தத்தம் போன்களை எடுத்துவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் படங்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. ஒரு படத்தில் சோலையம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்காலளவு சேற்றில் நின்றாள். கையில் ஒரு நண்டு ஓடு. வாயெல்லாம் சிரிப்பு. இது எப்போது நடந்தது என்று சுஜிதாவுக்கு ஞாபகமே இல்லை. அந்த நேரத்தில் அவள் பூட்டிய தகரக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.

சாயங்காலம் சோலையம்மாளின் சம்மதத்தோடு பலகைப் படங்களைக் கட்டுரையில் ஏற்றினாள். தாவீதுராஜ் தன் பங்குக்கு, வாய்க்கால் தூர்ந்தது பற்றிய பழைய செய்தி ஒன்றைத் தேடி எடுத்து இணைத்தார். அடியில் ஒரு வரி எழுதியிருந்தார். "தெளிவான படங்கள். எடுத்தவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்." அடுத்த நாள் சுஜிதா அதைச் சொன்னபோது, "யாரு, அந்தக் கோயம்புத்தூருக்காரரா? சொல்லிட்டாரா?" என்று சோலையம்மாள் கேட்டுவிட்டு நூல் வெட்டப் போனாள். அன்று முழுக்க முகம் மலர்ந்தே இருந்தது.

கட்டுரை மெல்ல வளர்ந்தது. மதியச் சாப்பாட்டில் காளீஸ்வரி படிப்பாள், சுஜிதா எழுதுவாள், மற்றவர்கள் குறுக்கே புகுந்து திருத்துவார்கள். குடிதண்ணீர் இல்லை, கையில் கொண்டுபோக வேண்டும் என்று எழுதியதை, அது வழிகாட்டி நூலில் வர வேண்டியது என்று தாவீதுராஜ் எடுத்துவிட்டார். சுஜிதா சண்டை போட்டாள், தோற்றாள். பதிலுக்கு மரங்களுக்குத் தனிப் பகுதி வேண்டும் என்று கேட்டு ஜெயித்தாள். 'வீண் அலைச்சல்' என்று தான் முதலில் எழுதியதை அவள் திரும்பச் சேர்க்கக் கேட்கவே இல்லை.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள் உரையாடல் பக்கத்தில் புதிதாக ஒருவர் எழுதியிருந்தார். திண்டுக்கல்லிலிருந்து மணிகண்டன். "என் மனைவி சக்கர நாற்காலியில்தான் வருவார். ஒரு விபத்துக்குப் பிறகு நாங்கள் வெளியே எங்கும் போனதில்லை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அவரே கேட்கிறார். நடைபாதையில் நாற்காலி போகுமா?"

சுஜிதா அதை மெஷின்களுக்கு நடுவே நின்று படித்துக்காட்டினாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"போகும்க்கா. நாம மூணு பேரு கைகோத்துக்கிட்டுப் போனோமே" என்றாள் காளீஸ்வரி.

"அகலம் சரிதான். ஏறுற எடத்துல படி இருக்கு. எனக்குக் காலு சொல்லுச்சுல்ல" என்றாள் சோலையம்மாள்.

யூகத்தில் எழுதக் கூடாது என்பதை இதற்குள் சுஜிதா பழகியிருந்தாள். சோலையம்மாள் எடுத்த நேரப் பலகையில் பூங்கா அலுவலக எண் இருந்தது. பேசினாள். படிகள் மூன்று, சாய்தளம் இல்லை, முன்கூட்டிச் சொன்னால் தூக்கிவிட ஆட்கள் நிற்பார்கள் என்றார்கள். அதை அப்படியே மணிகண்டனுக்கு எழுதி, எண்ணையும் கொடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து படமும் செய்தியும் வந்தன. வேர்கள் ஈட்டி ஈட்டியாக நிற்கிற சேற்றுக்கு மேலே, பலகைப் பாதையில் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்து கழுத்தை வளைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். "படியில் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். பாதை முடியும்வரை போனோம். திரும்பலாம் என்றால் அவர் வரமாட்டேன் என்றுவிட்டார். ஒன்று மட்டும். பாதை முடிகிற இடத்தில் வலப்பக்கப் பலகை ஒன்று உடைந்திருக்கிறது. நாற்காலிச் சக்கரம் மாட்டிக்கொண்டது. அடுத்து வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்."

"இத எழுதுனா மேற்கோள் கேப்பாரே அந்தக் கோயம்புத்தூருக்காரரு" என்றாள் காளீஸ்வரி.

"எழுதுறது அப்பறம்" என்று சுஜிதா பூங்கா அலுவலகத்துக்குப் போன் போட்டாள். இதற்குள் நாலைந்து தடவை பேசியதில் எடுத்தவர் குரல் பழகியிருந்தது.

"அருப்புக்கோட்டை அம்மாவா? சொல்லுங்க. இன்னைக்கு என்ன?"

அவள் பலகையைப் பற்றிச் சொன்னாள். எந்தப் பக்கம் என்று அவர் கேட்டார். சொன்னாள். மறுமுனையில் அவர் யாரையோ கூப்பிடுவதும், அங்கே ஒரு குரல் என்னவென்று கேட்பதும் கேட்டன.

"தச்சரு நாளைக்கு வாராரும்மா. மாத்திருவோம். மாத்திட்டுப் படம் அனுப்பவா?"

"அனுப்புங்கண்ணே" என்றாள் சுஜிதா. "தேதியோட அனுப்புங்க."