மேல்பட்டன் எழுந்தார்

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம்: தலைமை அதிகாரி எழுந்தால் கூட்டம் முடிந்தது. அதனாலேயே அவர் எழுவதில்லை. இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, "சரி, இனி விஷயத்துக்கு வருவோம்" என்பார். எந்தப் புழுக்கத்திலும் சட்டையின் மேல்பட்டனைக் கழற்ற மாட்டார். ஊழியர்கள் வைத்த பெயரே மேல்பட்டன்.

பட்டனுக்குக் கீழே ஒரு நீளத் தழும்பு. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. ஏழு வயதில் அறுவை செய்து அடைத்தார்கள். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. ஓட்டை இதயக்காரன் அதட்டினால் எவன் பயப்படுவான்?

இப்போது டாக்டரம்மா வேறு பயமுறுத்திவிட்டார். "அடைச்ச இடத்துல இன்னும் கசிவு இருக்கு சார். துடிப்பும் தாறுமாறா இருக்கு. ரத்தம் எங்கயாவது உறைஞ்சு கட்டியாச்சுன்னா மூளைக்குப் போயிடும். பக்கவாதம்தான். மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீங்க. மணிக்கொரு தடவை எழுந்து நடங்க."

மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார். எழுவதுதான் சிக்கல். திங்கட்கிழமைக் கூட்டத்தில், பேச வேண்டிய பதினான்கு குறிப்புகளில் இரண்டாவதில் இருந்தபோது ஒரு மணி நேரம் ஆகிவிட, எழுந்தார். முதுகு நிமிர்வதற்குள் நோட்டுகள் மூடின. "நன்றி ஐயா" என்றபடி அறை காலியானது.

அடுத்த திங்கள், உயிரே போனாலும் நாற்காலியை விடுவதில்லை என்று உட்கார்ந்தார். ஒன்றேமுக்கால் மணி நேரம். கால் மரத்துப்போனது. ஒன்பதாவது குறிப்பு: ரிசீவர் உடைந்து ஆறு மாதமாக ஸ்பீக்கரில் மட்டுமே பேசும் மேசைத் தொலைபேசியை மாற்றலாமா என ஆராயக் குழு அமைப்பது. அந்தத் தொலைபேசி அப்போதுதான் மணியடித்தது.

"எழுந்து நடந்தீங்களா?" மனைவியின் குரல் அறை முழுக்க ஒலித்தது.

"முக்கியமான கூட்டம்மா..."

"இதயத்துல ஓட்டையை வச்சுக்கிட்டு என்ன பெரிய கூட்டம்? ரத்தக்கட்டி ஏறி வாய் கோணிக்கிச்சுன்னா அப்புறம் எதை வச்சுப் பேசுவீங்க?"

மேல்பட்டன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்குப் பிரிவு அம்மாள்தான் முதலில் எழுந்தார்.

"வாங்க ஐயா, நடந்துக்கிட்டே பேசுவோம்."

எல்லோரும் தாழ்வாரத்தில் நடந்தார்கள். மூச்சு வாங்கியதில் மீதிக் குறிப்புகள் ஒரே சுற்றில் முடிந்துபோயின. அவர் மேல்பட்டனைக் கழற்றினார். யாரும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் உடல்நலத்தில் அலுவலகம் காட்டும் அக்கறை கண்ணீரை வரவழைக்கும். ஐம்பதாவது நிமிடமே ஆறு பேர் கடிகாரத்தைக் காட்டுவார்கள். நேற்று கணக்குப் பிரிவு அம்மாள் தனியே வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அடுத்த தடவை டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன் ஐயா. அரை மணிக்கொரு தடவைன்னா இன்னும் பத்திரமில்லையா?"