அக்கா போனில் மட்டும் சிவப்பு

அமிர்தவல்லியும் அவள் அக்கா தையல்நாயகியும் எதை வாங்கினாலும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள். ஒரே கடை, ஒரே நாள், ஒரே மாதிரி. மிக்சியும் குக்கரும் பட்டுப்புடவையும் அப்படித்தான் வந்தன. கடைக்காரர் இரண்டையும் மேசைமேல் வைத்ததும் முதலில் கை வைக்கும் உரிமை மூத்தவளுக்கு. மிஞ்சியது இளையவளுக்கு. இரண்டும் ஒன்றுதானே, இதில் என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். அமிர்தவல்லியிடம் போய்க் கேட்டுப் பாருங்கள், வாங்கிக் கட்டிக்கொண்டு வருவீர்கள். அக்கா எடுத்த மிக்சி இன்றும் ஓடுகிறது. இவளுடையது அடுத்த தீபாவளிக்கு மாவரைக்கும்போதே புகை விட்டது. அக்கா வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். இவள் வீட்டுக் குக்கர் பெருமூச்சு விடும்.

அதனால் ஆடித் தள்ளுபடியில் இருவரும் ஒரே மாடலில் போன் வாங்கியபோதே, அக்கா கை வைத்த டப்பாவை இவள் ஏக்கத்தோடுதான் பார்த்தாள். அந்த ஏக்கம் நியாயமானதுதான் என்று சீக்கிரமே தெரிந்துபோனது. பெண்ணின் போட்டோ ஒன்று வந்து அதைக் காட்டிக்கொடுத்தது.

அமிர்தவல்லியின் மகன் ஹரிகிருஷ்ணனுக்கு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. முப்பத்திரண்டு முடிந்துவிட்டது, தலைமுடி வருஷத்துக்கு வருஷம் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது, கல்யாணம் மட்டும் முன்னே வந்தபாடில்லை. இந்த நிலைமையில் வில்லியனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் ஜாதகம் பொருந்தி வந்தது. பெயர் சுடர்விழி. இரண்டு பக்கமும் போட்டோ கைமாறியது, பெண்ணின் போட்டோ அக்கா போனுக்கும் போனது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்று பேச்சு.

முத்தியால்பேட்டையில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அமிர்தவல்லி போட்டோவைத் திறந்தாள். மூக்கும் முழியும் லட்சணம்தான். ஆனால் பெண் கறுப்பு. அவள் உதட்டைப் பிதுக்குவதற்குள் மூலக்குளத்திலிருந்து அக்காவின் அழைப்பு வந்துவிட்டது.

"வல்லி, பாத்தியா? இன்னா கலருடி பொண்ணு! பன்னீர் ரோஜா கணக்கா இருக்கா."

"எந்தப் பொண்ணுக்கா?"

"நம்ம ஹரிக்கு வந்த பொண்ணுதாண்டி. உனக்குக் கண்ணு கெட்டுப்போச்சா?"

மறுநாளே தையல்நாயகி தன் போனோடு வந்து இறங்கினாள். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அதே மாடல், அதே போட்டோ, அதே பெண். அக்காவின் போனில் அவள் பால்போல வெளுத்துச் சிரித்தாள். தங்கையின் போனில் யாரோ மஞ்சள் தண்ணீரைக் கரைத்து ஊற்றியதுபோல் மங்கலாக நின்றாள்.

"என் போன்தான் நெசம் பேசுது" என்றாள் அக்கா. "உனக்கு வந்தது கோளாறு. உன் ராசி அப்பிடி."

அந்த 'ராசி' அமிர்தவல்லியின் நெஞ்சில் தைத்தது. வேண்டாம் என்று சொல்லி, பெண் நிஜமாகவே சிவப்பாக இருந்துவிட்டால், அக்கா சாகும்வரை சொல்லிக் காட்டுவாள். சரி என்று சொல்லி, கல்யாண மண்டபத்தில் பெண் கறுப்பாக வந்து நின்றால், முத்தியால்பேட்டையே சொல்லிக் காட்டும். அமிர்தவல்லி என்ன நிறம் என்று கேட்கிறீர்களா? நல்ல எருமைத்தோல் கறுப்பு. அதைப் பற்றி அவள் வீட்டுக் கண்ணாடி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

முறைப்படி பெண் பார்க்கப் போவதற்கு முன்னால், யாருக்கும் தெரியாமல் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவது ஊரில் எல்லோரும் செய்கிற வேலைதான். கோயிலில் பார்ப்பார்கள், பஸ் ஸ்டாப்பில் பார்ப்பார்கள். சுடர்விழிக்கோ நேரு வீதியில் ஒரு செல்போன் கடையில் வேலை. அமிர்தவல்லிக்கோ கையில் கோளாறான செல்போன். பிள்ளையாரே வழி காட்டியதாக அவள் நினைத்தாள். புருஷன் ஜானகிராமனிடம் மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பிள்ளையாருக்கு வெளியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேராகக் கடைக்கு நடந்தாள்.

உள்ளே நுழைந்ததும் மனம் விட்டுப்போயிற்று. கூரையெங்கும் வெள்ளை விளக்கு. அந்த வெளிச்சத்தில் கடை முதலாளி, தரை துடைக்கிறவள், எல்லோருமே சிவப்பாக இருந்தார்கள். சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துத்தான் சுடர்விழியைக் கண்டுபிடிக்க முடிந்தது.

"சொல்லுங்கம்மா."

"இந்த போன்ல எல்லாம் மஞ்சளாத் தெரியுது. எங்கக்காவும் இதே மாடல்தான், அதுல வெள்ளையாத் தெரியுது. இன்னான்னு பாரும்மா."

"குடுங்க, ஒரு போட்டோவைத் தொறந்து பாப்பம்."

போனை வாங்கிய வேகத்தில் அவள் விரல் படங்களுக்குள் போய்விட்டது. முதலில் கிடந்த படத்தையே பெரிதாக்கினாள். படத்தில் இருந்தவள் சுடர்விழியேதான். ஒளிந்து பார்க்கக் கிளம்பிய அமிர்தவல்லி, ஒளித்து வைக்க வேண்டியதைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இந்த லட்சணத்தில் தான் பெரிய கெட்டிக்காரி என்று அவளுக்கு ஒரு நினைப்பு வேறு.

சுடர்விழியின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "யாரும்மா இது?"

"அதுவா... பக்கத்து வூட்டுப் பொண்ணு."

"கொஞ்சம் கறுப்புதான்" என்றாள் சுடர்விழி, உதட்டைப் பிதுக்கி. "மூக்குகூட எடுப்பா இல்ல. கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல, பாத்துட்டிருக்காங்க."

"கஷ்டந்தான், பாவம்."

அமிர்தவல்லிக்குச் சுருக்கென்றது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. "ஏன், மூக்குக்கு இன்னா கொறச்சல்? லட்சணமாத்தான இருக்கு" என்று அவள் வாய் முந்திக்கொண்டது.

"நீங்க சொன்னா சரிம்மா. உங்க போன்ல கோளாறு ஒண்ணும் இல்ல. மாடல் ஒண்ணா இருந்தாலும் ஸ்க்ரீன் எல்லாம் ஒரே எடத்துலேர்ந்து வர்றதில்ல. ஒண்ணு மஞ்சளடிக்கும், ஒண்ணு நீலமடிக்கும். செட்டிங்ஸ்லயே மாத்திக்கலாம், இங்க பாருங்க." திரையில் ஒரு கோட்டைத் தொட்டு மெல்ல நகர்த்தினாள். போட்டோவில் இருந்த பெண் வெளுக்க ஆரம்பித்தாள். டீக்கடையில் சர்க்கரை கேட்பதுபோல் கேட்டாள் சுடர்விழி. "போதுமாம்மா? இன்னுங் கொஞ்சம் போடவா? எவ்ளோ சிவப்பு வேணும்னு நீங்களே சொல்லுங்க."

பெண் வெளுக்க வெளுக்கப் பின்னால் இருந்த சுவரும் நீலம் பாரித்தது. அமிர்தவல்லிக்கு அதிலெல்லாம் கவனம் இல்லை. போனில் பார்ப்பதற்கா இவ்வளவு தூரம் வந்தாள்? நேரில் பார்க்க வேண்டும், அதுவும் இந்தப் பாழாய்ப்போன விளக்கு இல்லாமல் பார்க்க வேண்டும். சட்டென்று ஒரு வழி தோன்றியது.

"உள்ள நல்லாத் தெரியுதும்மா. வெயில்ல தெரியுமான்னு பாக்கணும். செத்த வெளிய வாயேன்."

"நீங்களே போய்ப் பாருங்கம்மா."

"எனக்கு இதெல்லாம் புரியாது. நீயே புடிச்சுக் காட்டு."

சுடர்விழி மறுபேச்சில்லாமல் வந்து நடைபாதையில் நின்று போனை நீட்டினாள். நல்ல உச்சி வெயில். அமிர்தவல்லி போனைப் பார்ப்பதுபோல் குனிந்து பெண்ணைப் பார்த்தாள். அக்காவின் போன் சொன்ன பன்னீர் ரோஜாவும் இல்லை, தன் போன் காட்டிய மங்கலும் இல்லை. பளிச்சென்ற மாநிறம். மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. கண்ணில் ஒரு குறும்பு, அது எந்த போனிலும் வந்திருக்கவில்லை. அமிர்தவல்லிக்கு அவளைப் பிடித்துவிட்டது, ரொம்பவே பிடித்துவிட்டது. இவள் நம் வீட்டில் வளைய வந்தால் வீடே கலகலக்கும் என்று நினைத்தாள். நிறத்தைப் பார்க்க வந்தோம் என்பதே அந்த நிமிஷம் மறந்துபோயிற்று. சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான், அக்கா என்ன சொன்னால் என்ன?

"நல்லாத் தெரியுதாம்மா?" என்றாள் சுடர்விழி.

"தெரியுது, தெரியுது."

"எங்க வூட்லயும் இதே ரோதனைதாம்மா" என்றாள் அவள், போனைத் துடைத்துக்கொண்டே. "எங்கப்பாவும் நானும் ஒரே மாடல்தான் வெச்சிருக்கோம். எனக்கு ஒரு மாப்ள போட்டோ வந்திருக்கு. அப்பா போன்ல பரவால்ல. என் போன்ல பாத்தா, காய்ச்சல்ல கெடந்து எழுந்து வந்தாப்ல மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. நெத்தி எங்க முடியுது, தலை எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல."

அமிர்தவல்லியின் முகத்தில் ஈயாடவில்லை. "அப்புறம்?"

"வேணான்னு சொல்லிடலாமான்னு பேசிக்கிட்டிருக்கோம். எதுக்கும்மா வம்பு, நோயாளியைக் கட்டிக்கிட்டு?"

"யாரு நோயாளி?" வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எம் புள்ளை நோயாளியா? ஒரு தலைவலின்னு படுத்தவன் இல்ல அவன்! கல்லைத் தின்னாலும் செரிக்கிற ஒடம்பு. தலமயிரு கொஞ்சம் கம்மிதான், அது அவங்கப்பா வம்சத்து வாகு. அதுக்காக வேணான்னு சொல்லிடுவியா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. சுடர்விழி சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு கன்னத்தில் தெரிந்தது.

"மாப்ள போட்டோல அவரு பக்கத்துல நீங்கதானம்மா நிக்கறீங்க. கதவைத் தள்ளிக்கிட்டு நீங்க உள்ள வரும்போதே தெரிஞ்சிபோச்சு."

அமிர்தவல்லிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட பயம் அதிகமாக இருந்தது. இத்தனை நாளும் வேண்டும் வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் தான் ஒருத்திதான் உட்கார்ந்திருப்பதாக நினைத்திருந்தாள். பெண் வீட்டிலும் ஒரு போன் இருக்கிறது, அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்க அங்கேயும் ஆள் இருக்கிறது என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை.

"போட்டோவை நம்பாதம்மா" என்றாள், குரல் இறங்கிப்போய். "ஞாயித்துக்கெழமை நானே அவனை உங்க வூட்டுக்குக் கூட்டியாறேன். வாசல்ல நிக்க வெக்கறேன். வெயில்ல நல்லாப் பாத்துக்க."

"அப்பாகிட்ட கேட்டுச் சொல்றம்மா" என்று போனை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள் சுடர்விழி.

ஷேர் ஆட்டோவுக்காக நிற்கும்போதே தையல்நாயகியின் அழைப்பு வந்தது. கோயிலுக்குப் போவதாகச் சொன்ன பொய் ஜானகிராமனிடம் செல்லும், அக்காவிடமா செல்லும்?

"பொண்ணை நேர்ல பாத்துட்டியா? சொல்லுடி. சிவப்பா, கறுப்பா? யாரு போன் சரி?"

அமிர்தவல்லி போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"அது கெடக்கட்டுங்க்கா. அவளுக்கு நம்ம புள்ளையைப் புடிக்கணுமே."