ஐந்து மணி வெளிச்சம்

கீசரைக் கழற்றிப் பார்க்க வேண்டாம், புதிதாகவே மாற்றிவிடலாம் என்று தியோடர் மறுபடியும் சொன்னார். குளியலறை வாசலில் நின்ற தேசிகன் ஒப்புக்கொள்ளவில்லை.

"எதுக்கு சார் உங்களுக்கு வீண் செலவு? தண்ணி சுடலைன்னா தெர்மோஸ்டாட்தான் போயிருக்கும். அதை மட்டும் மாத்தினாப் போறும்."

"பழசுப்பா. உங்க ஆன்ட்டி இருந்தப்ப வாங்கினது."

"அதான் சொல்றேன். ஆன்ட்டி வாங்கினதைத் தூக்கிப் போட உங்களுக்கு மனசு வருமா?"

இறந்துபோன மனைவியையும் இதற்குள் இழுத்துவிட்டோமே என்று தியோடருக்குச் சுருக்கென்றது. மெக்கானிக் சரவணன் அதற்குள் ஸ்டூலில் ஏறிவிட்டான்.

லிங்கராஜபுரத்தில் அந்த வீட்டின் முன்பகுதியில் தியோடர் தனியாக இருந்தார். பின்பகுதியில் தேசிகனும் மனைவி ராஜலக்ஷ்மியும் வாடகைக்குக் குடியிருந்தார்கள். தியோடர் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு வேதாகமம் வாசிப்பார். மார்கழி பிறந்தால் பின்பகுதியில் அதே நேரத்தில் குளியல், பிறகு பூஜை. கீசரைப் போட்டதும் வோல்டேஜ் இறங்கிவிடும். அவருடைய டியூப் லைட் இரண்டு முனையிலும் சிவந்து, துடித்து, அணைந்துபோகும். போன மார்கழி முழுவதும் அவர் இருட்டில் உட்கார்ந்து மனதுக்குள் முணுமுணுத்தார். வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. சாமி காரியத்துக்குக் குளிக்கிறவர்களைத் தடுத்தால் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று கூச்சம்.

இந்த 1996 கார்த்திகையில் அவர்கள் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். துளசிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை அவரிடம் கொடுத்தார்கள். தியோடர் துளசிக்குத் தண்ணீர் ஊற்றினார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, கீசரின் மூடியைக் கழற்றி, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கடைசிவரை குறைத்து வைத்தார். தண்ணீர் லேசாக வெதுவெதுத்ததுமே கீசர் தானாக நின்றுவிடும். விளக்கு பிழைத்துக்கொள்ளும்.

பிழைத்தும் கொண்டது. மார்கழியில் அவர் தடையில்லாமல் வாசித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ராஜலக்ஷ்மி இருமுவது கேட்கும். அப்போது குரலைச் சற்று உயர்த்திக்கொள்வார்.

மூடியைக் கழற்றிய சரவணன் சிரித்தான்.

"ஒண்ணும் கெடல சார். பாயிண்ட்டைச் சுத்தமா இறக்கி வெச்சிருக்கு. யாரோ ஸ்க்ரூ டிரைவர் போட்டிருக்காங்க, கீறல் புதுசு." தேசிகனைப் பார்த்தான். "சார் வீட்லயே தொழில் கத்துக்கிறீங்களா?"

தேசிகன் மனைவியைப் பார்த்தான். அவள் குழம்பிப்போனாள். "நான்தான் ஒட்டடை அடிச்சேன். துடைக்கறச்சே ஏதாவது பட்டுடுத்தோ என்னமோ."

"கரண்ட் சமாசாரம்மா. சும்மா கை வெக்காதீங்க. எதுனா ஆச்சுன்னா மெக்கானிக் தலைலதான் விழும்."

"சரிப்பா. இனிமே தொடலை."

அவள் அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டு நின்றாள். தியோடர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரவணன் திருகை ஏற்றி, மூடியைப் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போய் கேட்டைத் திறந்தான். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவருக்கு வாய் வந்தது.

"தம்பி, நில்லுப்பா. அந்தம்மா தொடலை. நான்தான் இறக்கி வெச்சேன்."

"நீங்களா சார்?" என்றான் தேசிகன். "எப்போ?"

"சாவி குடுத்துட்டுப் போனீங்களே, அப்போ. கீசர் போட்டா என் லைட்டு அணைஞ்சிடுது. வேதம் வாசிக்க முடியலை."

மனதுக்குள் இத்தனை நாள் நியாயமாக இருந்த காரணம், வெளியே வந்ததும் மிகவும் சிறியதாக இருந்தது. சரவணன் யாரையும் பார்க்காமல், "வரேன் சார்" என்று நழுவினான். தேசிகன் உள்ளே போய்விட்டான்.

ராஜலக்ஷ்மி மட்டும் நின்றாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தேள்னா நாலரைக்கே போட்டு அணைச்சிருப்போமே அங்கிள்" என்றாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார்.

மறுநாள் ஐந்து மணிக்கு விளக்கு துடிக்காமல் எரிந்தது. சுவருக்கு அப்பால் பக்கெட்டில் வெந்நீர் விழும் சத்தம். முன்னதாகவே எழுந்து சுடவைத்திருக்கிறார்கள். அவர்களுடைய தூக்கத்தில் அரைமணி நேரத்தை எடுத்துத்தான் இந்த வெளிச்சம் எரிகிறது என்று தோன்றியதும் அவரால் ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை. விளக்கை அணைத்தார். கிறிஸ்துமஸுக்கு வாங்கிவைத்திருந்த மெழுகுவர்த்தியை ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போய்ப் பின்பகுதிக் கதவைத் தட்டினார்.

"நாளையிலிருந்து அஞ்சு மணிக்கே போடும்மா. எனக்கு இது போதும்."

உள்ளே பக்கெட் சத்தம் நின்றது. வந்தது தேசிகனின் குரல்.

"மெழுகுவர்த்தில படிச்சா கண்ணு கெட்டுடும் சார். உள்ள போங்கோ, பனி கொட்டறது."

தியோடர் உள்ளே போனார். அன்று புத்தகத்தைத் திறப்பதற்கு முன் வெகுநேரம் முழங்காலில் நின்றார்.