வெண்ணெய் சாத்திய பேனை

கீர்த்திகாவின் கலியாண எழுத்து நடக்கவிருந்த காலையில் அளவெட்டியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பந்தல் நேராக நின்றது. விவாகப் பதிவுகாரர் றஞ்சித் சொன்ன நேரத்துக்கு வந்தார். அப்பா சீவரத்தினம் ஒருவரையும் ஏசவில்லை. இப்படி ஒரு நாள் விடிந்தாலே கொஞ்சம் பயப்பட்டிருக்க வேண்டும்.

குழப்பம் ஒரு பேனையாக வந்தது. கனடாவிலிருந்து துரைராஜா மாமா மாப்பிள்ளைக்கு அனுப்பிய மைப்பேனை. கறுப்பு உடம்பு, தங்க நிற நிப்பு, வயிற்றுக்குள் கொன்வேட்டர் என்ற சின்னக் குழல். அதன் பின்பக்கத்தைத் திருகினால் மையை உறிஞ்சும், மறுபக்கம் திருகினால் துப்பும். கையெழுத்துகள் அந்தப் பேனையால்தான் விழவேண்டும் என்பது மாமாவின் உத்தரவு. மீறினால் கோவித்துக்கொள்வார். தன்னைக் கேட்காமல் வீட்டுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்ததற்காக அப்பாவோடு வருடக்கணக்கில் கதைக்காமல் இருந்த மனுசன் அவர். இப்போது நிறைகுடத்தில் சாய்த்துவைத்த கைத்தொலைபேசிக்குள் இருந்து சபையை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார்.

கீர்த்திகாவுக்கு மாமாவைவிட உதயகலா மாமியைத்தான் பயம். மாப்பிள்ளை வாகீசனை, தாயில்லாத பிள்ளையை, வளர்த்த பெரியம்மா. அவனுக்கென்று ஒரு பல் வைத்தியரைப் பார்த்து வைத்திருந்தவர். மருந்துக்கடையில் வேலைக்கு நிற்கும் கீர்த்திகாவைத்தான் கட்டுவேன் என்று அவன் சொன்ன நாளிலிருந்து அவரது வாயில் அவள் "உந்தப் பெட்டை"தான். கடைசியில் வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தபோதும் ஒரு வார்த்தையைப் போட்டுவைத்தார். "எழுத்திலை ஒரு தடங்கல் வந்தாலும் நான் எழும்பிப் போயிடுவன்." பெரியம்மா எழும்பினால் வாகீசனும் எழும்புவான். நல்லவன்தான், ஆனால் அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு சேட்டுக்கூட வாங்கியறியாதவன்.

றஞ்சித் கவனமான மனுசன். பதிவேட்டைத் திறக்கமுன் பேனையை ஒரு துண்டுக் காகிதத்தில் கீறிப்பார்த்தார். காகிதம் கிழிந்தது. மை வரவில்லை.

"எழுதேல்லை," என்றார்.

பந்தல் முழுக்க உதயகலா மாமியைத் திரும்பிப் பார்த்தது. மாமியின் நெற்றி வேர்த்திருந்தது.

"உள்ளுக்குக் காத்து நிக்கும். தட்டுங்கோ!" என்று நிறைகுடத்தடியிலிருந்து மாமா கத்தினார். அப்பா தட்டினார். பிறகு உதறினார். ஒரு துளி மை பறந்துபோய் றஞ்சித்தின் வெள்ளைச் சேட்டில் நெஞ்சுக்கு நேரே குந்தியது. தன்னிடம் குமிழ்முனைப் பேனை இருக்கிறது என்று அவர் பணிவாகச் சொன்னார்.

"பேனையை மாத்தினால் நான் இதோடை போனை வைக்கிறன்," என்றார் மாமா.

"முதல் கையெழுத்துக்கே பேனை மாத்தினால், பிறகு..." என்று மாப்பிள்ளை பக்கத்தில் ஒருவர் இழுத்தார். பிறகு என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அதற்குப் பிறகு பேனை நோயாளி ஆகிவிட்டது. சளி கட்டியிருக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். உடனே சட்டியில் சுடுதண்ணீர் வந்தது. துவாயால் மூடி அதற்கு ஆவி பிடித்தார்கள். ஒருவர் மூக்கடைப்புக்குப் பூசும் தைலத்தோடு ஓடிவந்தார், நல்லகாலம் யாரோ மறித்தார்கள். இராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வாகீசன் பெரியம்மாவையும் கீர்த்திகாவையும் மாறிமாறிப் பார்த்தான். மாமி எழும்பப்போகிறார், எல்லாம் முடிந்தது என்று கீர்த்திகா நினைத்தாள். இனியும் பொறுக்கமுடியாமல் கையை நீட்டினாள்.

"அப்பா, இஞ்சை தாங்கோ."

பேனையைக் கழற்றினாள். கொன்வேட்டரில் மை நிறைய இருந்தது. அதைத் திருப்பிப் பூட்டி மெல்லத் திருகினாள். நிப்பில் ஒரு துளி வந்தது. ஆனால் ஒட்டவில்லை, சேம்பிலைத் தண்ணீர்போல உருண்டு விழுந்தது. எண்ணெய்ப் பசை இருக்கிற இடத்தில் மை எப்படிப் பிடிக்கும்? நிப்பை மூக்கடியில் கொண்டுபோனாள்.

"வெண்ணெய் மணக்குது."

அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், உதயகலா மாமி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார்.

"நான்தான்... வாற வழியிலை மருதனார்மடத்திலை வானை நிப்பாட்டினனான். ஆஞ்சநேயற்றை வெண்ணெய்க் காப்புப் பிரசாதம். பேனைக்கு வெளியிலை மட்டும் பூசினால் உள்ளுக்குத் தடங்கல் வந்திடுமோ எண்டு, ஈர்க்குக் குச்சியாலை உள்ளுக்கும் விட்டனான்."

தடங்கல் வரட்டும் என்று காத்திருந்தவர் என்று எல்லோரும் நினைத்த மனுசி, தடங்கல் வரக்கூடாது என்று வெண்ணெய் பூசியிருக்கிறார். கீர்த்திகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அவ்வளவுதானே, சவர்க்காரம் போட்டுக் கழுவுவம்," என்றார் அப்பா.

மாமி எழும்பினார். கீர்த்திகா எந்த எழும்புதலுக்குப் பயந்திருந்தாளோ அதே எழும்புதல்.

"பிரசாதத்தைக் கழுவி நிலத்திலை ஊத்துறதோ? ஆக்கள் மிதிக்கவோ? பிரசாதம் எண்டால் வாயிலைதான் போடவேணும்!"

மாமி சொன்னது நியாயம் என்பதுதான் பெரிய கரைச்சல்.

"அப்ப நான் குடிக்கிறன்," என்றான் வாகீசன்.

பெரியம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அவன் சொன்ன முதல் வார்த்தை அதுதான். கீர்த்திகா அதை அப்போதே கவனித்தாள்.

இளஞ்சூட்டுத் தண்ணீர் வந்தது. நிப்பைத் தண்ணீருக்குள் விட்டு கொன்வேட்டரைத் திருகி உறிஞ்சுவித்தாள், கோப்பைக்குள் துப்புவித்தாள். நீலத்தின்மேல் வெண்ணெய் பொட்டுப்பொட்டாக மிதந்தது.

"தண்ணியிலை கரையிற மைதான். வயித்தைக் கொஞ்சம் கலக்கும், வேறை ஒண்டுமில்லை," என்று மருந்துக்கடைக் குரலில் சொன்னாள்.

வாகீசன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். பாதியில் குமட்டியது. கீர்த்திகா கோப்பையைப் பறித்து மிச்சத்தை ஒரே மூச்சில் விழுங்கினாள். அப்படி ஒரு கேவலமான ருசியை அவள் வாழ்நாளில் கண்டதில்லை.

உதயகலா மாமி அவளையே பார்த்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "இனி என்ன சவர்க்காரத்தையும் போடுங்கோ. அது போகவேண்டிய இடத்துக்குப் போட்டுது."

சவர்க்காரத் தண்ணீர் ஒருதரம், நல்ல தண்ணீர் ஒருதரம். துடைத்து, பேனையோடு வந்த மைப்போத்தலிலிருந்து புது மை உறிஞ்சி, துண்டுக் காகிதத்தில் கீறினாள். நீலக் கோடு அழகாக ஓடியது.

றஞ்சித் பதிவேட்டைத் திறந்து, சம்மதமா என்று முதலில் மாப்பிள்ளையைக் கேட்டார். "ஓம்" என்ற வாகீசன் உடனே வாயை மூடிக்கொண்டான். பிறகு கீர்த்திகாவைக் கேட்டார். அவள் உதட்டைத் திறவாமல் "ம்" என்றாள்.

"வாயைத் திறந்து சொல்லவேணும், தங்கச்சி."

திறந்தாள். "ஓம்."

பல், நாக்கு, எல்லாம் நீலம். நிறைகுடத்தடியில் மாமா அலறினார். "ஐயோ, உதென்ன வாய்? படமெல்லோ எடுக்கவேணும்! எழுத்தை நிப்பாட்டுங்கோ, இன்னொரு நாள் பாப்பம்!"

உதயகலா மாமி கையை நீட்டிக் கைத்தொலைபேசியை எடுத்தார்.

"எங்கடை பெட்டையின்ரை வாய்க்கு என்ன குறை?" என்று அதைப் பார்த்துக் கேட்டுவிட்டு, மேசையில் குப்புறக் கவிழ்த்துவைத்தார். பிறகு கீர்த்திகாவின் பக்கம் திரும்பி, சேலைத் தலைப்பால் அவளது உதட்டோரத்து மையைத் துடைத்தார். "நீ எழுது, பிள்ளை."

கீர்த்திகாவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல்தான் கையெழுத்து வைத்தாள். பேனை எழுதியது.