கத்தியில் இரண்டு கோடுகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பிணத்தைத் தேடித்தான் கிளம்பியது.

பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் கேட்டது ஒரே ஒரு விஷயம். "கத்தி வேணும் சார். முதல் பாராவிலயே வேணும்." வைத்துவிட்டார். கத்திக்கு எங்கே போவது என்று யோசித்தபடி கொல்லைப்புறம் வந்தேன். எங்கள் வீட்டுக்கும் எலிசேயோ வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு வேலி. அந்தப் பக்கம், கொட்டகைக்குள், எலிசேயோ ஒரு கத்தியைப் பலகையோடு சேர்த்து முடுக்கி வைத்து ராவிக்கொண்டிருந்தான். விளிம்பிலிருந்து கருப்பாக எதுவோ வழிந்தது. உள்ளேயிருந்து அவன் மனைவி நிதியா கூப்பிட்டாள். சட்டென்று கத்தியின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினான்.

வாராவாரம் கொலை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? ஓடிப்போய் எழுதினேன்:

கத்தியிலிருந்து வழிந்தது கருப்பாக இருந்தது. காய்ந்த ரத்தம் எண்ணெயில் கரைந்தால் அப்படித்தான்—

[அடித்துவிட்டேன். அது எண்ணெயும் இரும்புத்தூளும். வேலியருகே போய்ப் பார்த்துவிட்டேன்.]

மூடிய துணிக்கு அடியில் இருந்தது கத்தி அல்ல, ஒரு—

[இதையும் விட்டுவிட்டேன். கத்திதான்.]

2

ஆகவே கேட்டேன். கேட்கக் கூடாது, கேட்டால் கதை போய்விடும் என்று என் தொழில் சொல்கிறது. வாய் கேட்கவில்லை.

"சத்தம் போடாதீங்க கதாசிரியரே," என்றான் எலிசேயோ. "கத்தி என்னோடதில்ல."

"யாரோடது?"

"சகலையோடது."

அவன் சொன்னதை இனி என் பாணியில் சொல்கிறேன். நடுவில் குறுக்கிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிதியாவின் அக்கா மிர்த்தா. மிர்த்தாவின் கணவர் ஒவீதியோ. இந்தக் குடும்பத்தில் ஞாயிற்றுக்கிழமை நெருப்பும் இறைச்சியும் ஒவீதியோவின் ராஜ்ஜியம். எலிசேயோ இந்த வீட்டு மாப்பிள்ளையாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை அவனுக்குக் கிடைத்த உயர்ந்த பதவி, சாலட்டுக்கு வெங்காயம் நறுக்குவது.

அவனுடைய ஊர் பேவாஹோ. சமவெளி. கண்ணுக்கு எட்டிய வரை புல், அதற்கப்பால் புல். நாங்கள் இருக்கும் தந்தில், குன்றுகள் சூழ்ந்த கருங்கல் ஊர். ஒவீதியோவுக்கு இது போதாதா?

"உங்க ஊர்ல பசங்க ஒளிஞ்சு விளையாடவே முடியாதாமே, சகல?"

"ஊர்ல ஒரு மேடு வந்துச்சாம், நிஜமா? மேயர் நாடா வெட்டித் தொறந்து வச்சாராம்?"

எலிசேயோ சிரித்துக்கொண்டே வெங்காயம் நறுக்குவான். வெங்காயத்தில் ஒரு வசதி உண்டு, கண் கலங்கினால் காரணம் சொல்ல வேண்டாம்.

பிறகு ஒவீதியோ மரம் கழிக்க ஏறி, ஏணியிலிருந்து விழுந்தார். தோளில் கட்டு. ஞாயிற்றுக்கிழமை எலிசேயோவின் கொல்லைக்கு மாறியது. ஒவீதியோ தன் இடுப்பிலிருந்து கத்தியை உறையோடு உருவி, எல்லோரும் பார்க்க, எலிசேயோவிடம் நீட்டினார்.

"இது கத்தின்னு நெனைக்காத. என் கைய கழட்டிக் குடுக்கறேன்னு நெனைச்சுக்க."

"சரிண்ணே."

"விலாக்கறியத் தீய்ச்சிராத."

தீய்க்கவில்லை. தட்டுகள் நிறைந்ததும் வழக்கம்போல மிர்த்தா, "சுட்டவருக்குக் கைதட்டுங்கப்பா!" என்றாள். பழக்கதோஷத்தில் எல்லோரும் ஒவீதியோ பக்கம் திரும்பிவிட்டு, பிறகு சுதாரித்துக்கொண்டு எலிசேயோ பக்கம் திரும்பித் தட்டினார்கள். ஒவீதியோ நல்ல கையால் தொடையில் தட்டினார். எலிசேயோ அதையும் பார்த்தான்.

*(இங்கே ஒரு குறிப்பு. கைதட்டுத்தானே என்று நினைப்பவர்கள் இந்த நாட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வெங்காயம் நறுக்கிவிட்டு வரவும்.)*

3

தப்பு அதற்கப்புறம் நடந்தது.

எல்லோரும் காபிக்கு உள்ளே போய்விட்டார்கள். எலிசேயோ சுவரோரக் கணப்புக்குப் பக்கத்தில் தனியாக நின்றான். வயிறு நிறைந்திருந்தது. காதில் இன்னும் கைதட்டல். கத்தியில் கொழுப்பு. அவன் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் செய்வதை அவன் கை தானாகச் செய்தது. குனிந்து, கத்தியை மண்ணில் குத்தியது.

பேவாஹோவில் கத்தி கழுவுவது அப்படித்தான். மண்ணில் ஒரு குத்து, இழு, இன்னொரு குத்து, இழு. கொழுப்பு போய்விடும். அந்த மண் மாவு மாதிரி. ஒரு கல் வேண்டுமென்றால் ரயிலில் வர வேண்டும்.

இந்த மண் அப்படியா? வீடு கட்டினவர்கள் கொட்டிவிட்டுப் போன கருங்கல் சில்லு அத்தனையும் அதற்குள் இருந்தது. அவன் தலைக்கு இது தெரியும். கைக்குத் தெரியாது.

க்ர்ர்க்.

கை நிற்பதற்குள் இரண்டாவது குத்தும் விழுந்துவிட்டது. உருவிப் பார்த்தான். முனையிலிருந்து நடு வரைக்கும், தகட்டின் இரண்டு பக்கமும், பூனை பிராண்டின மாதிரி.

உள்ளேயிருந்து ஒவீதியோவின் குரல். "சகல! கத்திய நீயே வச்சுக்க. அடுத்த ஞாயிறும் நீதான்."

4

இப்போது உங்களுக்கும் எனக்கும் தெரியும், பணயம் என்னவென்று. உயிர் இல்லை. ஒரு சட்டுவமும் கொஞ்சம் கரியும், அவற்றுக்கு முன்னால் நிற்கும் இடமும். ஆசிரியர் இதற்குச் சம்மதிப்பாரா தெரியவில்லை.

எலிசேயோ அடிபட்ட கார்களுக்கு வண்ணம் பூசும் பட்டறையில் வேலை பார்க்கிறவன். கீறலை அழிப்பது அவனுக்குச் சோறு போடும் வித்தை. வேலி மேல் சாய்ந்து நான் பார்த்ததை எழுதுகிறேன்.

கூர்விளிம்புக்கு டேப் ஒட்டியிருந்தான், கையை வெட்டாமல் இருக்க. மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, எண்ணெய் சொட்டி, முதலில் குறுக்குவாட்டில் ராவினான். கீறல் மறைந்ததும் சன்னமான தாள். இந்த முறை நெடுக்குவாட்டில்.

"ஏன் திசைய மாத்தறே?"

"போன தாள் போட்ட கோடு இன்னும் இருக்கான்னு அப்பத்தான் தெரியும். எல்லாத்தையும் ஒரே பக்கமாத் தேய்ச்சா ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஒளிஞ்சுக்கும்."

(இதை என் அடுத்த தொடரில் துப்பறிவாளன் வாயில் போடுவதாக உத்தேசம். நீங்கள் இங்கே படித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.)

கடைசித் தாளுக்கு வந்தால் முன்னும் பின்னும் ராவக் கூடாதாம். பிடியிலிருந்து முனை வரை ஒரே இழுப்பு, எடுத்துவிடு. மறுபடி பிடியிலிருந்து. அப்போதுதான் தகட்டில் பட்டு மாதிரி ஓட்டம் வரும். அவன் இழுக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏனென்று கேட்காதீர்கள்.

5

ஒவீதியோவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவரை வில்லனாக்கியிருந்தேன். மீசைகூட வைத்தேன். நிஜத்தில் கிடையாது. சரிவரவில்லை. வில்லன் யாராவது தன் கத்தியைக் கழற்றிக் கொடுப்பானா?

அந்தச் சந்தேகத்துக்கு வெள்ளிக்கிழமை ஒரு பதில் வந்தது. வந்த இடம் கத்தி.

பல வருஷம் இறைச்சியும் எலுமிச்சையும் வெட்டி அந்தத் தகடு சாம்பல் நிறமேறிப் போயிருந்தது. ராவ ராவ அந்தச் சாம்பல் கழன்று வெள்ளை இரும்பு வெளியே வந்தது. எலிசேயோவின் கீறல்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஆனால் முனைக்குக் கிட்டே ஒன்று போகவில்லை. கருப்பாக நின்றது. அது அவனுடையது இல்லை. பழசு. இத்தனை வருஷத்துச் சாம்பல் அதற்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. யாரோ மேலோட்டமாக ராவி, போதுமென்று விட்டிருக்கிறார்கள். முனையிலிருந்து நேர்கீழாக, அவனுடையதைப் போலவே.

எலிசேயோ கத்தியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சமையலறை ஜன்னல் பக்கம் குரல் கொடுத்தான்.

"நிதியா! உங்க அத்தானுக்கு எந்த ஊரு?"

"யாருக்கு, ஒவீதியோவுக்கா? காசாரெஸ்."

"காசாரெஸா? தந்தில் இல்லையா?"

"அக்காவக் கட்டிக்கிட்டு வந்தவருதானே. உங்க ஊருக்குப் பக்கந்தான். அதுவும் தட்டு மாதிரிதான் இருக்கும். ஏன்யா, கொட்டகைக்குள்ள உக்காந்து பூகோளமா படிக்கற?"

எலிசேயோ கத்தியைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷம் எழுதின கொலைகள் ஒன்றிலாவது இப்படியொரு தடயம் எனக்குக் கிடைத்ததில்லை.

6

இங்கே கதை மூன்றாகப் பிரிந்தது. மூன்றையும் எழுதிப் பார்த்தேன்.

அ) எலிசேயோ இன்னும் ஆழமாக ராவி, பழைய கோட்டையும் அழித்துவிடுகிறான். ஒவீதியோ பார்க்கிறார். தன் கத்தியில் தான் ஒளித்து வைத்தது இல்லையென்றால் ஒரு மனிதனுக்குத் தெரியாதா? ஆகவே—

[நல்ல முடிவுதான். கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது. விட்டேன்.]

ஆ) பழைய கோட்டை மட்டும் பளிச்சென்று விட்டு வைக்கிறான். ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் கத்தியைத் தூக்கி, "அண்ணே, காசாரெஸ்ல மேடு உண்டா?" என்று—

[ஆசிரியருக்கு இதுதான் பிடிக்கும். எலிசேயோவிடம் சொன்னேன். "அப்புறம் அடுத்த ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சாப்பிடறது?" என்றான். விட்டேன்.]

இ) இதை நான் எழுதவில்லை. அவன் செய்தான்.

தன்னுடைய கீறல்களில் ஆழமானது ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது, பழைய கோட்டுக்குப் பக்கத்திலேயே. இன்னும் கொஞ்சம் ராவினால் போயிருக்கும். உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டான்.

"அது பாக்கி இருக்கே?"

"இருக்கட்டும்."

"ஏன்?"

"இதுக்கு மேல ராவுனா தகடு மெலிஞ்சிரும், கதாசிரியரே."

நான் நம்பவில்லை. ஆனாலும் அவன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை வினிகரைச் சூடாக்கி, பஞ்சில் தொட்டுத் தகடு முழுக்கத் தடவினான். வெள்ளை இரும்பு மெல்ல மங்கிச் சாம்பலானது. கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டான். கொல்லை முழுக்க ஊறுகாய் வாசனை. நிதியா எட்டிப் பார்த்து, "கத்திக்குக் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இப்போது அந்த இரண்டு கோடுகளும் தேடுகிறவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். எங்கே தேட வேண்டும் என்று அறிந்தவர், எங்கள் இருவரைத் தவிர, உலகத்தில் ஒருவர்தான்.

7

ஞாயிறு. என்னையும் அழைத்திருந்தார்கள். மேஜைக் கோடியில், நாய்க்குப் பக்கத்தில் இடம்.

ஒவீதியோ தோள்கட்டு இல்லாமல் வந்தார். காரிலிருந்து விறகு மூட்டையை அந்தத் தோளிலேயே தூக்கி வந்து கணப்பருகே போட்டார். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

"எங்க என் கை?" என்றார், இறைச்சி வெந்ததும்.

எலிசேயோ கொடுத்தான். கொடுத்த கையோடு கரியைக் கிளறப் போய்விட்டான். அந்தக் கரிக்கு அப்போது எந்தக் கிளறலும் வேண்டியிருக்கவில்லை.

ஒவீதியோ கத்தியை உருவினார். வெயிலில் சாய்த்தார். முகத்தில் ஒரு திருப்தி. சுத்தமாக இருக்கிறதே! பெருவிரல் பிடியிலிருந்து கிளம்பித் தகட்டின்மேல் மெதுவாகப் போயிற்று. முனைக்குக் கிட்டே நின்றது. கொஞ்சம் பின்னால் வந்தது. மறுபடி முன்னால் போனது. ஒன்று. இரண்டு.

அவர் எலிசேயோவின் முதுகைப் பார்த்தார். சுவரோர மண்ணைப் பார்த்தார். மறுபடி முதுகை.

"என்னங்க, கத்திக்கு ஜாதகம் பாக்கறீங்களா?" என்றாள் மிர்த்தா. "இறைச்சி ஆறுது!"

ஒவீதியோ தொண்டையைக் கனைத்தார். நடந்துபோய், கத்தியைத் திருப்பி, பிடி எலிசேயோ பக்கமாக இருக்கும்படி நீட்டினார்.

"நீயே வெட்டு, சகல. எனக்குத் தோள் இன்னும் வலிக்குது."

விறகு மூட்டை அவர் காலடியில் கிடந்தது.

எலிசேயோ வெட்டினான். மிர்த்தா குரல் கொடுத்தாள், எல்லோரும் கைதட்டினார்கள். இந்த முறை யாரும் முதலில் தப்பான பக்கம் திரும்பவில்லை. ஒவீதியோ இரண்டு கையாலும் தட்டினார்.

8

முடிவு எங்கே என்று கேட்பீர்கள். சொல்கிறேன், ஆனால் ஒரு வரி குறையும்.

எல்லோரும் காபிக்கு உள்ளே போன பிறகு அவர்கள் இருவரும் சுவரோரம் நின்றார்கள். நான் மேஜையை விட்டு எழவில்லை, வயிறு விடவில்லை. எலிசேயோவின் கையில் கொழுப்புப் படிந்த கத்தி. அவன் ஒவீதியோவைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு, ரொம்ப மெதுவாகக் குனிந்து, கத்தி முனையை மண்ணுக்கு நேராகக் கொண்டுபோனான்.

ஒவீதியோ தாவி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கிற தோளோடுதான். பிடித்துக்கொண்டு, அவன் காதருகே என்னவோ சொன்னார்.

சரியாக அந்த நேரம் பார்த்து நாய் குரைத்தது. எனக்குக் கேட்கவில்லை.

பிற்பாடு எலிசேயோவிடம் எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். "சும்மா ஏதோ சொன்னாருங்க" என்றான். பத்திரிகை ஆசிரியரிடம் கதையை அனுப்பிவிட்டேன். "யார் சார் சாகறாங்க?" என்று கேட்டார். "மாடு" என்றேன். அவர் இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை.

ஆகவே அந்த ஒரு வரி உங்கள் பொறுப்பு. காசாரெஸ்காரர் பேவாஹோக்காரனிடம், கருங்கல் ஊரில், மணிக்கட்டைப் பிடித்தபடி சொன்னது:

"                                                                "

என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனைதான். அதைக் கேட்டதும் இரண்டு பேரும் சிரிக்க வேண்டும். உள்ளேயிருந்து நிதியாவும் மிர்த்தாவும் காபிக் கோப்பையோடு வாசலுக்கு ஓடி வந்து, "என்ன? என்ன ஆச்சு?" என்று கேட்கிற அளவுக்கு.