நடுவீட்டு ரூட்டர்

ஆவூரில் மாமனார் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி வேலையைப் பார்த்துவந்தாள் அருள்ராணி. மீட்டிங்கில் அவள் பேசும்போதெல்லாம் நெட் அறுந்துபோனது. "இப்படியே போனா நீங்க சென்னைக்கே வந்துடணும்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கைக்குழந்தையோடு எங்கே போவது?

அவளே புதுக்கோட்டைக்குப் போய்ப் புது ரூட்டரும் நீளமான வயரும் வாங்கிவந்தாள்.

"பழசு இருந்த எடத்துலயே, டிவி பக்கத்துல வச்சிரு தாயி" என்றார் மாமனார் மைக்கேல்சாமி.

"அங்கிட்டு இரும்பு பீரோ மறைக்குது மாமா. நடுவீட்டுல உசரமா வச்சாத்தான் பின்னாடி ரூம் வரைக்கும் எட்டும்."

அவர் முணுமுணுத்தபடியே ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவள் ஏறி ஆணியடித்து ரூட்டரை மாட்டினாள். தான் வேலை பார்க்கும் பின்னறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தால் சிக்னல் ஒரே ஒரு கோடுதான். பிறகுதான் திரையில் வைஃபை பெயர் இரண்டாக இருந்ததைக் கவனித்தாள். அவற்றில் வேகமான ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை நடுவீட்டுக்கும் பின்னறைக்கும் இடையிலிருந்த தடித்த சுவரைத் தாண்டத் திணறியது. வேகம் குறைந்த இன்னொன்றைத் தொட்டாள். கோடுகள் முழுவதும் நிரம்பின.

மறுநாள் மீட்டிங்கில் முழுக் கணக்கையும் தங்குதடையில்லாமல் விளக்கி முடித்தாள். "பக்கத்து சீட்ல இருந்து பேசுற மாதிரி இருக்குங்க. அங்கேயே இருந்து வேலையைப் பாருங்க" என்றார் மேனேஜர்.

கதவோரம் பேத்தியோடு நின்ற மைக்கேல்சாமி, "என்னம்மா சொல்றாங்க?" என்றார்.

"நாங்க எங்கிட்டும் போகலை மாமா!" என்று குழந்தையை வாங்கித் தலைக்குமேல் தூக்கினாள் அருள்ராணி.